பொன்னாயி வகையறா

11 பிப்ரவரி 2019, திங்கள்

காலையில் ஆயர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கோயில் அலுவலகத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த கடிதம் ஒன்றைக் காட்டினார். எழுதியவர் ஹியூ கார்ஸ்டன், எழுபத்தொரு வயது, ஓய்வு பெற்ற பல் மருத்துவர். அவருடைய பாட்டனாரின் தகப்பன் தாமஸ் கார்ஸ்டன் ஏற்காட்டில் காபித் தோட்டம் போட்டவர். ஆகஸ்டில் குடும்பத்தார் எல்லோரும் கூடப் போகிறார்களாம். அதற்குள் வம்சாவளியைப் பிழையில்லாமல் அச்சடிக்க வேண்டும். இங்குள்ள உயில், நிலப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவு எல்லாவற்றையும் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

நான்தான் சரியான ஆள் என்றார் ஆயர். முப்பத்து நான்கு வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன், பழைய பத்திரம் வாசிக்கத் தெரிந்தவன், அதே கார்ஸ்டன் தோட்டத்து ரைட்டர் சாலமனின் மகன். மூன்றும் உண்மை. ஒப்புக்கொண்டேன்.

ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. மனைவி எஸ்தருக்கும் சந்தோஷம்தான். நான் அடுப்படியில் போய் நின்று யோசனை சொல்வது குறையுமாம்.

மிளகு காயப்போட்டோம். வெயில் போதவில்லை.

23 பிப்ரவரி

கல்லறைத் தோட்டத்தில் தாமஸ் கார்ஸ்டனின் கல் கிடைத்தது. பிறப்பு 1834, இறப்பு 1898. மனைவி ஹாரியெட் இங்கே வந்ததே இல்லை போலிருக்கிறது. அவளுக்குக் கல் இல்லை. மூத்த மகன் எட்வர்ட் தோட்டத்தைப் பார்த்திருக்கிறான். இளையவன் வில்லியம் இங்கிலாந்திலேயே இருந்தான். ஹியூ அவன் வழி. எட்வர்டுக்கு வாரிசு இல்லை. 1948-இல் தோட்டம் மதராஸ் கம்பெனி ஒன்றுக்கு விற்கப்பட்டது. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் மரம். இதற்குப் போய் இவ்வளவு பெரிய கடிதமா என்று தோன்றியது.

14 மார்ச், வியாழன்

பூங்கொடி வந்திருந்தாள். ஏழேக்கர் குடியிருப்பு அங்கன்வாடியில் ஆயா வேலை பார்ப்பவள், நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். கையில் வக்கீல் நோட்டீஸ். தோட்டத்தைப் புதிதாக வாங்கியவர்கள் ஏழேக்கரில் இருக்கும் பத்தொன்பது வீடுகளையும் மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்கிறார்கள். அங்கே விடுதி கட்டப் போகிறார்களாம். அந்த வீடுகள் தோட்டத்துக் கூலிக்காரர்களுக்கு இருக்கக் கொடுத்தவை, அவர்களுக்கு உரிமை எதுவும் இல்லை என்று நோட்டீஸ் சொல்கிறது.

"நீங்க துரை வம்சத்தப் பத்தி ஆராய்ச்சி பண்றீங்கன்னு கோயில்ல சொன்னாங்க. எங்க இடம் துரை எழுதிக் குடுத்ததுன்னு எங்க அப்பா சொல்லுவாருங்க. அப்பிடி ஏதாச்சும் காயிதம் இருந்தா கொஞ்சம் பாருங்கய்யா."

இந்த மாதிரிப் பேச்சு எல்லாத் தோட்டத்திலும் உண்டு. வேலை பார்த்த காலத்தில் நூறு பேர் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பார்க்கிறேன் என்றேன். எஸ்தர் அவளுக்குக் காபி கொடுத்தாள்.

2 ஏப்ரல்

சேலம் போய் நீதிமன்றப் பழைய பதிவறையில் மனுப் போட்டேன். அடிவாரத்தில் வெயில் கொளுத்துகிறது. தேர்தல் ஆட்டோக்கள் வேறு காதைக் கிழிக்கின்றன. திரும்பும்போது பேருந்தில் இடம் இல்லை, இருபது கொண்டை ஊசி வளைவும் நின்றுகொண்டே வந்தேன். முழங்கால் வலி.

12 ஏப்ரல், வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்க வேண்டும்.

பதினொரு மணிக்குச் சேலம் பதிவறையில் தாமஸ் கார்ஸ்டனின் உயில் நகலை என் முன்னால் வைத்தார்கள். 1896-இல் எழுதியது. ஆறு பக்கம். தோட்டம் எட்வர்டுக்கு, இங்கிலாந்து வீடு ஹாரியெட்டுக்கு, கடிகாரங்களும் துப்பாக்கிகளும் வில்லியமுக்கு. ஐந்தாம் பக்கத்தில் ஒரு பாரா. என்னால் முடிந்தவரை தமிழில் எழுதுகிறேன்:

'பத்தொன்பது ஆண்டுகளாக என் வீட்டில் என்னோடு வாழ்ந்துவரும் பொன்னாயி என்பவளுக்கும், அவள் வயிற்றில் எனக்குப் பிறந்த ராபர்ட், மேரி, ஜான் ஆகிய மூவருக்கும், ஓடைக்கு மேற்கே உள்ள ஏழு ஏக்கரை முழு உரிமையாகக் கொடுக்கிறேன். என் மகன் எட்வர்ட் இதில் தலையிடக் கூடாது.'

ஏழு ஏக்கர். அந்த இடத்துக்கு ஏழேக்கர் என்று பெயர். அதற்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். இருப்பது ஒன்றரை ஏக்கர்கூடத் தேறாது, பிறகு ஏன் அந்தப் பெயர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மாலையில் நேராகப் பூங்கொடி வீட்டுக்குப் போனேன். அவளுடைய முன்னோர்களின் பெயரைக் கேட்டேன். பாட்டனுக்கு அப்பா பெயர் லாப்பட்டு என்றாள். அது என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாதாம், பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களாம். அது லாப்பட்டு இல்லை, ராபர்ட் என்று சொன்னேன். உயிலில் இருந்ததை வாசித்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்கள். மூன்று முறை வாசித்தேன்.

என் வாழ்க்கையில் நான் வாசித்த பத்திரத்துக்கு யாரும் அழுதது இல்லை.

13 ஏப்ரல்

பூங்கொடியோடு சேலம் போய் வக்கீல் தமயந்தியைப் பார்த்தோம். நாற்பது வயதுக்குள் இருக்கும், வேகமாகப் பேசுகிறாள். உயில் மட்டும் போதாது என்றாள். அந்த நிலம் உண்மையிலேயே பொன்னாயி கைக்கு வந்ததா என்று காட்ட வேண்டும். பழைய நிலப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். கார்ஸ்டன் குடும்பத்தில் யாராவது பொன்னாயியைப் பற்றிய கடிதம் ஏதாவது இருந்தால் கொடுத்து, எழுத்து மூலம் உறுதி சொன்னால் நல்லது என்றும் சொன்னாள். ஹியூ தன் முதல் கடிதத்தில் தாமஸின் கடிதங்கள் ஒரு பெட்டி நிறையத் தன்னிடம் இருப்பதாக எழுதியிருந்தார். இரவே அவருக்கு எழுதினேன். உயிலின் படத்தையும் இணைத்தேன். உங்களுக்கு இங்கே ஐம்பது அறுபது உறவினர்கள் இருக்கிறார்கள் என்று எழுதும்போது எனக்கே சிரிப்பும் பெருமையுமாக இருந்தது.

29 ஏப்ரல்

கிடைத்துவிட்டது. 1905-ஆம் வருட நில அளவைப் பதிவேடு. ஓடைக்கு மேற்கே, ஏழு ஏக்கர் பன்னிரண்டு சென்ட், பட்டாதாரர்: பொன்னாயி வகையறா.

தமயந்தியிடம் போனில் சொன்னேன். காலி செய்வதற்கு இனி தைரியமாகத் தடை கேட்கலாம் என்றாள். மே மாதம் கோர்ட் விடுமுறை, ஜூனில் மனுப் போடலாம்.

ஏழேக்கரில் கேசரி கிண்டி எல்லா வீட்டுக்கும் கொடுத்தார்கள். எனக்கு ஒரு தூக்குச் சட்டி நிறைய வந்தது. சர்க்கரை இருக்கிறவனுக்கு இவ்வளவா என்று எஸ்தர் பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

17 மே

ஹியூவின் பதில். மிகவும் மரியாதையான கடிதம். என் உழைப்புக்கு நன்றி. உயில் 'சுவாரசியமானது'. குடும்பத்துப் பெரியவர்களோடு பேசினாராம். இது கொண்டாட்டத்துக்காகத் தயாராகும் வம்சாவளி, சட்டப்படியான மணத்தில் பிறந்தவர்களை மட்டும் சேர்ப்பது என்று முடிவாகியிருக்கிறதாம். தாமஸின் கடிதங்களில் அந்தப் பெண்ணைப் பற்றி இரண்டு மூன்று இடங்களில் வருகிறதாம், ஆனாலும் வெளிநாட்டு வழக்கு ஒன்றில் தங்கள் குடும்பம் சம்பந்தப்படுவதை யாரும் விரும்பவில்லையாம். புரிந்துகொள்வேன் என்று நம்புகிறாராம்.

இரண்டு மூன்று இடங்களில் வருகிறது என்று அவர் எழுதியிருக்க வேண்டியதில்லை. அதையும் எழுதிவிட்டுத்தான் மறுக்கிறார்.

பூங்கொடியிடம் சொன்னேன். "அவங்க எதுக்குங்க நமக்கு" என்றாள். நான் முன்பு கொடுத்து, அவர்கள் பத்திரமாக வைத்திருந்த ஹியூவின் படத்தைப் பிள்ளைகள் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள்.

10 ஜூன்

தமயந்தி போன். 1905-இல் பொன்னாயி பெயரில் இருந்த நிலம் 1963 பதிவேட்டில் தோட்டத்தின் பெயரில் இருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? விற்றார்களா, யாராவது எழுதிக் கொடுத்தார்களா? எதிர்த்தரப்பு வில்லங்கச் சான்று எடுத்தது முப்பது வருடத்துக்குத்தான். அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் நமக்குத் தெரிய வேண்டும், என்ன இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள், கெட்டதாக இருந்தால் அதற்கும் வழி தேடலாம் என்றாள்.

கெட்டதாக இருந்தாலும். இதை அவள் தெளிவாகத்தான் சொன்னாள். எழுதி வைக்கிறேன்.

18 ஜூன், செவ்வாய்

பதிவு அலுவலகத்தில் பழைய புத்தகங்கள் பார்த்தேன். 1948 முதல் 1956 வரை. என் பழைய நாற்காலியில் இப்போது ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், மரியாதையான பெண்.

தூசியில் கண் எரிந்தது. மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன்.

தமயந்தி கேட்டாள். 1956 வரை பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றேன்.

19 ஜூன்

தண்ணீர் மோட்டார் பழுது. கிணறும் கீழே போய்விட்டது. காஸ் வந்தது.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டும் போல இருக்கிறது. அப்பா இந்தத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் ரைட்டராக இருந்தார். அவர் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். மனுப் போட வேண்டியவர்கள், மகனுக்குக் கடிதம் எழுத வேண்டியவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். யாரிடமும் கை நீட்டி எதுவும் வாங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் அவர்தான் வாசிப்பார். நான் இன்று இரண்டு வேளை நல்ல சாப்பாடு சாப்பிடுகிறேன் என்றால் அவர் என்னை மலையிறக்கிப் படிக்க வைத்ததால்தான். 1957-இல் இந்த வீட்டைக் கட்டினார். மனை தோட்டம் கொடுத்தது. ஏன் கொடுத்தது என்று நான் கேட்டதில்லை.

நல்ல மனிதர். இந்த மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

21 ஜூன், வெள்ளி

ஏழேக்கர் போனேன். பூங்கொடி வேலைக்குப் போயிருந்தாள். அது தெரிந்துதான் போனேன்.

அவளுடைய பெரியப்பா சடையன் கடைசி வீட்டில் இருக்கிறார். எண்பத்து நான்கு வயது, இழுப்பு நோய், கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாது. ஆனால் பேச்சும் நினைவும் தெளிவு. ரைட்டரய்யா மகனா என்று கேட்டு அருகே உட்காரச் சொன்னார். பழைய காலத்தில் ஏதாவது காகிதத்தில் கைநாட்டு வைத்தீர்களா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். உடனே சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"வெச்சமுங்களே. எனக்கு அப்ப இருவது இருவத்தொண்ணு. பங்களாவுக்கு முன்னால எங்க பதினோரு பேரையும் நிக்க வெச்சாங்க. உங்கப்பாருதான் காயிதத்தப் படிச்சாரு. இது விடுதலைப் பத்திரம்னு சொன்னாரு. வெள்ளக்காரன் போயாச்சு, இனி ஏழேக்கர்க்காரங்க யாருக்கும் அடிமையில்லேன்னாரு. விடுதலன்னா நல்லதுதானுங்களே? பெருவெரல்ல மை தேச்சு வெச்சோம். அப்புறம் லாரில சேலத்துக்கு ஏத்திட்டுப் போயி அங்கயும் ஒரு தரம் வெச்சோம். திரும்பி வந்ததும் எல்லாருக்கும் கறிச்சோறு போட்டாங்க. உங்கப்பாரு மட்டும் எலையில ஒக்காரல. வயித்து வலின்னாரு."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்கப்பாரு நல்லவருங்க என்று அவரே சொன்னார்.

24 ஜூன்

எழுதாமல் இருந்தால் இல்லை என்று ஆகிவிடாது. எழுதுகிறேன்.

18-ஆம் தேதி நான் பார்த்த 1956-ஆம் வருடப் புத்தகத்தில் அது இருக்கிறது. நவம்பர் மாதம். பாத்தியதை விடுதலைப் பத்திரம். பொன்னாயியின் வாரிசுகள் பதினொரு பேர், ஏழு ஏக்கர் பன்னிரண்டு சென்டில் தங்களுக்கு உள்ள உரிமை முழுவதையும் தோட்டக் கம்பெனிக்கு விட்டுக் கொடுக்கிறார்கள். பத்திர பாஷையில் விடுதலை என்றால் விட்டுவிடுவது. வெளியில் இருப்பவனுக்கு அது தெரியாது. பத்திரம் எழுதி, படித்துக் காட்டி, சாட்சியும் போட்டவர் கார்ஸ்டன் தோட்டம் ரைட்டர் சாலமன். புத்தகத்தில் இருப்பது அலுவலகக் குமாஸ்தா எடுத்த நகல்தான், அப்பாவின் கையெழுத்து இல்லை. ஆனால் வாக்கியங்கள் அப்பாவுடையவை. எனக்குத் தெரியும்.

எதிர்த்தரப்புக்கு இது தெரியாது. அறுபத்து மூன்று வருடம் பழைய புத்தகத்தை யாரும் புரட்டப் போவதில்லை. உயிலையும் 1905 பதிவேட்டையும் வைத்தே தடை கிடைத்துவிடும். நான் சும்மா இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஏழேக்கர் அவர்களுக்கு, பெயர் அப்பாவுக்கு.

இதில் தப்பு எங்கே என்று மூன்று நாளாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

25 ஜூன்

எஸ்தரிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா என்றாள். இல்லை என்றேன். மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் பெரியவரு வாயால சொல்ல வேண்டியதுங்க இது. அவரு இருக்கிறப்பவே."

யோசிக்கலாம் என்றேன்.

3 ஜூலை

மனு ஏற்கப்பட்டது. ஆகஸ்ட் 22 விசாரணை. அதுவரை காலி செய்யக் கூடாது என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் நினைத்தது சரிதான்.

11 ஜூலை

மழை. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

15 ஜூலை

பூங்கொடி வழியில் பார்த்து, பெரியப்பாவுக்கு மூச்சு ரொம்ப இழுக்கிறது, மழை விட்டதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் என்றாள். ஜீப்புக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். எஸ்தர் பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தாள். என்ன என்று தெரியும். வீட்டுக்கு வந்ததும், நாளைக்குத் தமயந்தியிடம் பேசுகிறேன் என்று சொன்னேன்.

16 ஜூலை

மலையில் போன் எடுக்கவில்லை. டவர் இல்லை. கடைத்தெருவில் எடுக்கிறது, ஆனால் மழை விடவில்லை.

19 ஜூலை, வெள்ளி

சடையன் இறந்துவிட்டார். விடிகாலையில். ஜீப் எட்டு மணிக்கு வருவதாக இருந்தது.

20 ஜூலை

அடக்கத்துக்குப் போய் வந்தேன். ரைட்டரய்யா மகன் வந்திருக்கிறார் என்று வழி விட்டார்கள், முன்னால் நிற்க வைத்தார்கள். நின்றேன்.

22 ஆகஸ்ட், வியாழன்

பன்னிரண்டரைக்குத் தமயந்தி போன் செய்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து 1956 விடுதலைப் பத்திரத்தின் அசலையே நீதிபதியிடம் கொடுத்திருக்கிறார். அசல் ஆரம்பத்திலிருந்தே தோட்டத்தின் மூலப்பத்திரக் கட்டில் இருந்திருக்கிறது. அவர்கள் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கவே இல்லை. முப்பத்து நான்கு வருடம் பதிவு அலுவலகத்தில் இருந்தவனுக்கு இது தோன்றவில்லை.

"1956 புக்கு நீங்க பாத்தீங்கதானே, சார்?"

பார்த்தேன் என்றேன்.

"இது இருந்துச்சா?"

இருந்தது என்றேன். பிறகு, கைநாட்டு வைத்தவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லையா என்று கேட்டாள். சடையன் ஜூலை வரைக்கும் இருந்தார் என்றேன். அவர் என்னிடம் சொன்னதையும் சொன்னேன்.

"ஏமாத்திக் கைநாட்டு வாங்கினாங்கன்னு வாதாட அந்த ஒரு வாக்குமூலம் இருந்தா போதுமே சார். ஜெயிச்சிருப்போம்னு சொல்லல. தடை வாங்கியிருப்பேன். கேஸ் பத்து வருஷம் ஓடியிருக்கும். அந்தச் சனங்க வீட்ல இருந்திருப்பாங்க."

என் டைரியில் அவர் சொன்னது தேதியோடு இருக்கிறது என்றேன். அது செவிவழிச் சங்கதி, அதுவும் சாட்சி போட்டவர் மகனே எழுதியது, கோர்ட்டில் ஒரு கணமும் நிற்காது என்றாள். பிறகு, ஏன் சார் என்று மட்டும் கேட்டாள். யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டாள்.

23 ஆகஸ்ட்

பூங்கொடிக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று தமயந்தியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். காலை பத்து மணிக்கு அங்கன்வாடிக்குப் போனேன். பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், அப்பா செய்ததை, பிறகு நான் செய்ததை. அவள் ஒரு பிள்ளைக்கும் விடாமல் உருண்டை கொடுத்து முடித்தாள். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"எங்க பெரியப்பா சொன்னப்ப நீங்க பக்கத்துலதான் ஒக்காந்திருந்தீங்களாய்யா?"

ஆமாம் என்றேன்.

அவள் ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டாள். நான் கிளம்பி வந்தேன்.

6 செப்டம்பர்

மனு தள்ளுபடி. காலி செய்ய முப்பது நாள். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் புதிதாகக் காட்ட ஒன்றும் இல்லை என்று தமயந்தி சொன்னாள். பத்திரத்தின் நகலை எனக்குத் தபாலில் அனுப்புகிறாளாம். கேட்டது நான்தான்.

12 செப்டம்பர்

நகல் வந்தது. இது அசலின் நகல். அப்பாவின் எழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கீழே பதினொரு கறுப்பு ரேகைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் இன்னாருடைய இடது பெருவிரல் என்று அப்பா எழுதியிருக்கிறார்.

எஸ்தர் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

24 செப்டம்பர்

இங்கிலாந்திலிருந்து கெட்டி அட்டைக் குழாயில் வம்சாவளி வந்திருக்கிறது. அழகான தாள், மரம் போலவே கிளை கிளையாக வரைந்திருக்கிறார்கள். தாமஸ், ஹாரியெட், எட்வர்ட், வில்லியம். வில்லியமிலிருந்து விரிந்து கடைசியில் குழந்தைகள்வரை எழுபது பெயர் இருக்கும். அடியில் சின்ன எழுத்தில் உதவியவர்களுக்கு நன்றி, அதில் என் பெயரும். திரு. மாசிலாமணி, ஏற்காடு.

அதன் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். தாமஸ், பொன்னாயி. ராபர்ட், மேரி, ஜான். எனக்குத் தெரிந்தவரை பெயர்களை எழுதிக்கொண்டே வந்தேன். பூங்கொடி தலைமுறைக்கு வரும்போது தாளில் இடம் போதவில்லை. இதை யாரிடம் கொடுப்பது? குழாயிலேயே சுருட்டி வைத்தேன்.

தோட்டம் அப்பாவுக்குக் கொடுத்த இந்த வீட்டு மனையையாவது அவர்களுக்கு எழுதி வைத்துவிடலாமா என்று எஸ்தரிடம் கேட்டேன். பத்தொன்பது குடும்பத்துக்கு மூன்று சென்டா என்றாள். பிறகு, கேட்டுப் பாருங்கள், அவர்கள் சொல்லட்டும் என்றாள். பூங்கொடியிடம் ஆள் விட்டுக் கேட்டேன். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

5 அக்டோபர், சனி

காலையிலிருந்து லாரிகள். ஏழேக்கரிலிருந்து பதினான்கு குடும்பம் இன்று கிளம்புகிறது. சிலர் அடிவாரத்தில் வாடகை வீடு பார்த்திருக்கிறார்கள், சிலர் திருப்பூருக்கு, இரண்டு குடும்பம் கேரளாவுக்கு. ஒரே இடத்தில் யாருக்கும் அமையவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அருகே போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. காலியான வீடுகளின் கூரை ஓடுகளைக் கம்பெனி ஆட்கள் மதியமே பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்று மணிக்குப் பூங்கொடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு இப்போதுதான். வாசலிலேயே நின்றாள். எஸ்தர் உள்ளே கூப்பிட்ட பிறகு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். காபி வேண்டாம் என்றாள்.

"அந்தப் பத்திரம் உங்ககிட்ட இருக்குதுன்னு வக்கீலம்மா சொன்னாங்க. அதப் படிங்கய்யா. என்ன எழுதியிருக்குதோ அத அப்பிடியே படிங்க."

எடுத்து வந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டேன். வாசிக்க ஆரம்பித்தேன். நிறுத்தாமல், ஒரு வார்த்தையும் விடாமல், விடுதலை என்ற சொல் வரும் இடத்தில் அதற்குப் பொருள் என்ன என்றும் சொல்லி வாசித்தேன். நான்கு எல்லைகள். ஏழு ஏக்கர் பன்னிரண்டு சென்ட். 'இன்று முதல் மேற்படி சொத்தில் எங்களுக்காவது எங்கள் வாரிசுகளுக்காவது யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது.' அதில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. வாரிசு என்றால் அப்போது பிறக்காதவர்களும் சேர்த்தியா என்று கேட்டாள். சேர்த்திதான் என்றேன்.

கடைசி வரி: 'மேற்கண்ட வாசகங்கள் யாவும் எங்களுக்குப் படித்துக் காட்டப்பட்டு, நாங்கள் நன்றாகப் புரிந்துகொண்டு, மனப்பூர்வமாகச் சம்மதித்து ரேகை வைத்தோம்.'

"அத இன்னொரு தரம் படிங்க."

படித்தேன்.

பெரியப்பாவின் ரேகை எது என்று கேட்டாள். ஒன்பதாவது. விரலை வைத்துக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள், தொடவில்லை. வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"சரிங்க" என்று எழுந்தாள். எஸ்தரிடம் மட்டும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டாள். நகலை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். கேட்டாச்சுங்களே, அது எதுக்கு என்றாள்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஐந்து வீட்டில் விளக்கு எரிகிறது. அவர்களுக்குத் திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.